மணியும் கண்ணாடியும்

உத்திரமேரூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது குடவோலை. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்கமாகக் கூறுகின்றன. மாணவர்கள் அதனைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், அங்கே ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் குறிக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏரியில் நீர் நிற்க வேண்டும் என்று கவலைப்பட்ட அதே ஊரார், கையிலுள்ள பொன் பொன்னாக இருக்க வேண்டும் என்றும் கவலைப்பட்டிருக்கின்றனர். அந்தக் கவலை இன்றும் தீர்ந்தபாடில்லை என்பதை, அவ்வூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வாழும் என் அத்தையின் வீட்டில் நான் நேரில் கண்டேன்.

அத்தைக்கு ஒரே மகள். அவளைக் கல்லூரியில் சேர்ப்பதற்குப் பணம் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தவை இரண்டு பொருள்கள்: அத்தையின் தந்தையார் அணிந்த படிகமணி மாலை ஒன்று, சிவப்புக் கல் பதித்த தோடு ஒரு சோடி. பழைய நகைகளை வாங்கும் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். மாலையைக் கண்ணாடி என்று ஒதுக்கினார். தோட்டில் இருப்பது மாணிக்கம் அன்று, ஆலையிற் செய்த கல் என்றார். பிறகு, “கல்லே பொய்யாக இருக்கும்போது நகையில் என்ன இருக்கப்போகிறது?” என்று கூறி, மிகக் குறைந்த விலை ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுநாள் வருவதாகப் போய்விட்டார். அன்று மாலை நான் அங்கே சென்றிருந்தேன். “தம்பி, நீ பௌதிகம் சொல்லிக் கொடுப்பவனாயிற்றே, இது மெய்யா பொய்யா என்று பார்த்துச் சொல்” என்றார் அத்தை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். இயற்கைக் கல் என்பது பூமியில் விளைந்தது. செயற்கைக் கல் என்பது அதே பொருளை மனிதன் உலையில் விளைவித்தது. போலிக் கல் என்பது தோற்றத்தில் மட்டும் ஒத்திருக்கும் வேறு பொருள்; கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இவ்வகை. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

போலி செய்யும் கலை புதியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமாபுரி அறிஞர் பிளினி, இந்தியர் படிகத்துக்குச் சாயமேற்றி வேறு மணிகளாக, சிறப்பாகப் பெரில் என்னும் பச்சை நீலக் கல்லாக, காட்டக் கற்றிருந்தனர் என்று தம் நூலின் முப்பத்தேழாம் பகுதியில் எழுதிவைத்தார். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் பெரிலும் படிகமும் மணிகளாகக் கடையப்பட்டதற்கு அகழ்வாய்வுகள் சான்று தருகின்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழ்வாய்வில் கல்மணிகளோடு கண்ணாடி மணிகளும் கிடைத்தன. மெய்ம்மணியும் அதன் சாயலும் ஒரே கரையில் விலைபோன நாடு இது.

இனி அத்தையின் மாலைக்கு வருவோம். படிகம் என்பது சிலிக்கா அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பெற்ற கனிமம். வயல் வரப்புகளில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் அதே இனத்தது. கண்ணாடியிலும் சிலிக்காதான் பெரும்பகுதி. ஆனால் அதில் அணுக்களுக்கு ஒழுங்கான அடுக்கு இல்லை. நாம் செய்யும் சோதனைகள் பலவும் இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன.

முதற் சோதனை தொடு உணர்ச்சி. மாலையையும், சிறுவர் விளையாடும் கண்ணாடிக் கோலி ஒன்றையும் ஒரே தட்டில் சிறிது நேரம் வைத்தேன். பின் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தோம். படிகமணி தெளிவாகக் குளிர்ந்தது. இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருந்தன. ஆயினும் படிகம் நம் உடலின் வெப்பத்தைக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விரைவாகக் கடத்திச் செல்வதால் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. பிளாஸ்டிக் மணியோ வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இரண்டாவது, உருப்பெருக்கி. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு கண்ணாடி போதும். உருக்கி வார்த்த கண்ணாடியில் உருண்டையான காற்றுக் குமிழிகளோ, பாகு கலக்கியது போன்ற சுழிகளோ காணப்படலாம். இயற்கைப் படிகத்தில் மெல்லிய வெண்திரை போன்ற கீற்றுகளும், கோணல்மாணலான நுண்துகள்களும் இருக்கும். இங்கே ஒரு விந்தை உண்டு: மாசு மருவே இல்லாத பெரிய மணி மலிவாகக் கிடைத்தால், அதைத்தான் ஐயுற வேண்டும்.

மூன்றாவது, கடினம். மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1812ஆம் ஆண்டில் வகுத்த வரிசையில் வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 9, படிகத்துக்கு 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை அளவில் நிற்கிறது. ஆகவே படிகம் கண்ணாடிப் புட்டியின் மேல் கீறலை உண்டாக்கும். கண்ணாடி மணியால் அது எளிதன்று. கீறலைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அழிந்துவிட்டால் அது கீறலன்று, வெறும் பொடி. ஆனால் ஓர் எச்சரிக்கை: நகையில் பதித்த கல்லையும், முத்து, பவளம், மரகதம் ஆகியவற்றையும் ஒருபோதும் இவ்வாறு சோதிக்கலாகாது. மாணவப் பருவத்தில் நான் ஒரு மோதிரக் கல்லைச் சன்னற் கண்ணாடியில் தேய்த்து, அதன் விளிம்பைச் சிதைத்திருக்கிறேன். கல் மெய்யானதுதான், என் சோதனைக்குப் பிறகு அதன் விலைதான் பொய்யாயிற்று.

நான்காவது சோதனையே அளவோடு கூடியது. ஆர்க்கிமிடீஸ் கண்ட தத்துவம் அது. மின்னணுத் தராசில் மாலையிலிருந்து கழற்றிய பத்து மணிகளை நிறுத்தேன், 26.5 கிராம். பின் ஒரு குவளை நீரைத் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியாக்கிக் கொண்டேன். அம்மணிகளை மெல்லிய நூலில் கோத்து, குவளையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிட்டேன். துளைகளில் தங்கிய காற்றை அசைத்து வெளியேற்றிய பின் தராசு 10 கிராம் காட்டியது. அது மணிகள் ஒதுக்கிய நீரின் எடை. 26.5ஐப் பத்தால் வகுத்தால் 2.65. படிகத்தின் ஒப்படர்த்தி அதுவே. சன்னற் கண்ணாடிக்கு ஏறக்குறைய 2.5, ஈயம் கலந்த பளபளப்பான கண்ணாடிக்கு 3ஐத் தாண்டுவதும் உண்டு. மாலை கண்ணாடி என்று சொன்னவர் சொல் பொய்யாயிற்று. அத்தையின் முகம் மலர்ந்தது.

அடுத்துத் தோட்டை எடுத்தோம். அதன் பின்புறம் திறந்திருந்ததால் ஒளி ஊடுருவக் கற்களைப் பார்க்க முடிந்தது. காற்றுக் குமிழியோ தேய்ந்த முனைகளோ இல்லை. பட்டைகள் கூர்மையாக இருந்தன. கண்ணாடி அன்று என்று எண்ணினேன். ஆனால், ஒரு கல்லை மெல்லத் திருப்பியபோது, உள்ளே இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்த கோடுகள் தெரிந்தன. இயற்கையில் வளரும் மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவே அமையும். வளைந்த கோடு உலையின் கையெழுத்து.

அகுஸ்த் வெர்னூய் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1902ஆம் ஆண்டில் ஒரு முறையை அறிவித்தார். அலுமினிய ஆக்சைடுப் பொடியை, சிறிது குரோமியச் சேர்க்கையுடன், 2,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடைய சுவாலையினூடே தூவினால், அது உருகிச் சொட்டி, கீழே மாணிக்கமாகத் திரளும். அதன் பொருளும் கடினமும் ஒப்படர்த்தியும் இயற்கை மாணிக்கத்துடையனவே. ஆதலால் நம் வீட்டுச் சோதனைகளில் கீறலும் எடையும் இதனிடம் தோற்றுப்போகும். உருப்பெருக்கி மட்டுமே சில வேளைகளில் துணை செய்யும். செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுதல் திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நெடுங்காலமாக நடந்துவரும் குடிசைத் தொழில். அது நேர்மையான தொழில். செயற்கைக் கல்லை இயற்கைக் கல்லென்று விற்பதே குற்றம்.

முத்தையும் பவளத்தையும் பற்றி ஓரிரு சொற்கள். முத்தைப் பல்லின் முனையில் மெல்ல உரசினால் நுண்மணல் போன்ற நறநறப்புத் தெரியும். பூச்சிட்ட கண்ணாடி முத்து வழுவழுப்பாக இருக்கும். எனினும் சிப்பியை வளர்த்து உண்டாக்கிய முத்தும் நறநறக்கும். அதையும் கடலில் தானே விளைந்த முத்தையும் பிரித்தறிய எக்ஸ் கதிர் வேண்டும். பவளம் சுண்ணாம்பு இனத்தது. அமிலம் பட்டால் நுரைக்கும். ஆனால் எலுமிச்சைச் சாறுகூட அதன் மெருகைத் தின்றுவிடும் ஆதலால், அணியும் பவளத்தில் இதைச் செய்யாதீர்கள்.

நம்மிடையே வழங்கும் சில நம்பிக்கைகளையும் விலக்க வேண்டும். நீலக்கல்லைப் பாலில் இட்டால் பால் நீலமாகும் என்பர். கல்லின் வழியே வரும் ஒளியால் தோன்றும் சாயல் அது; நீலக் கண்ணாடித் துண்டும் அவ்வாறே காட்டும். மெய் வைரம் சுத்தியலடிக்கு உடையாது என்பர். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு; வைரம் நன்றாகவே பிளக்கும். இரு மணிகளை இருட்டில் உரசினால் ஒளி தோன்றும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அதைக் காண மாலையைத் தேய்க்க வேண்டாம், இரண்டு வெங்கச்சங்கற்களே போதும்.

எல்லாம் கேட்ட அத்தை, “அப்படியானால் மாலை மெய், தோடு பொய், மாலையை விற்றுவிடலாமா?” என்றார். இங்கேதான் நான் மிகவும் தயங்கினேன். மாலை மெய்தான், ஆனால் படிகம் பூமியில் மிகுதியாகக் கிடைப்பது. அதன் மதிப்பு அவர் தந்தையார் கழுத்தில் கிடந்ததில்தான் இருந்தது, கடைத்தெருவில் அன்று. மெய்யானதெல்லாம் விலையுயர்ந்ததன்று. அதைச் சொன்னபோது அத்தை மாலையைக் கையில் உருட்டியபடி சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, வந்தவர் தோட்டுக்கு எவ்வாறு கணக்கிட்டார் என்று கேட்டேன். தோட்டின் எடை 10 கிராம். கல்லுக்காக 3 கிராம் கழித்தாராம். பதினான்கு சிறு கற்கள். ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் அகலம். எடை கால் காரட்டுக்கும் குறைவே. கால் காரட்டென்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் மூன்றரைக் காரட். ஐந்து காரட் ஒரு கிராம். ஆகவே கற்களின் எடை 0.7 கிராமைத் தாண்டாது. அரக்கும் இல்லை. இரண்டு கிராமுக்கு மேற்பட்ட பொன் அந்தக் கணக்கில் காணாமற் போயிருந்தது. கல் பொய் என்று அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைக் காட்டிப் பொன்னைக் குறைத்தது பொய்.

மறுநாள் அவர் வருமுன்பே அத்தை தோட்டை எடுத்துக்கொண்டு, அரசு அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் சோதனை மையத்துக்குப் புறப்பட்டார். சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் தம் நகையின் மாற்றை அங்கே அறியலாம். புதிய நகைகளில் அம்முத்திரை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. 916 என்ற எண் இருபத்திரண்டு காரட் பொன்னைக் குறிக்கும். விலைமிக்க கல்லாயின் அதையும் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றின்றி வாங்கவோ விற்கவோ கூடாது.

மாணவர்களே, வீட்டில் செய்யும் சோதனை ஐயத்தை எழுப்பும், சில போலிகளை வெளிப்படுத்தும், விலையைத் தீர்மானிக்காது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை அது நமக்குக் கற்றுத்தரும். உத்திரமேரூர்ச் சபையார் பொன்னை ஒரு தனிமனிதன் சொல்லுக்கு விட்டுவிடாமல் வாரியத்திடம் ஒப்படைத்தனர். அத்தையும் அதையே செய்தார். தோட்டின் பொன்னுக்கு உரிய விலை கிடைத்தது. பெண் கல்லூரிக்குப் போகிறாள். படிகமாலை இன்றும் அத்தையின் பூசை அறையில் இருக்கிறது.