ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பாலும் நெய்யும் இல்லாத சமையல் புத்தகம்: வாங்கலாமா, வேண்டாமா?

1944-ம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் ஓயவில்லை. இங்கிலாந்தில் இறைச்சிக்கு ரேஷன். வெண்ணெய்க்கு ரேஷன். சர்க்கரைக்கும் ரேஷன்.

அந்த நாட்டில் லெஸ்டர் நகரில் டொனால்டு வாட்சன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுப்பது அவர் தொழில்.

சிறுவனாக இருந்தபோது அவர் ஒரு பண்ணையில் பன்றியைக் கொல்வதைப் பார்த்தார். அந்த அலறல் அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. 14-வது வயதில் இறைச்சி உண்பதை நிறுத்திவிட்டார்.

பெரியவரான பிறகு பாலையும் முட்டையையும் கூட விட்டார். அவற்றுக்காகவும் உயிர்கள் துன்பப்படுகின்றன என்பது அவர் எண்ணம்.

அவரைப் போன்ற ஒரு சிலர் 1944 நவம்பரில் ஒன்று கூடினர். ஒரு சங்கம் அமைத்தனர். அதற்குப் பெயர் வேண்டுமே! 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களையும் கடைசி இரண்டு எழுத்துக்களையும் எடுத்துச் சேர்த்தார்கள். 'வீகன்' என்ற சொல் பிறந்தது!

இறைச்சி, மீன், முட்டை மட்டும் அல்ல. பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் தொடாதவர்களே வீகன்கள்.

அடுப்பில் என்ன வைப்பது?

பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் சாப்பாடு?

இங்கிலாந்து சர்க்கார், இறைச்சி உண்ணாதவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் பாலாடைக்கட்டி கொடுத்தது. வீகன்களுக்கு அதுவும் ஆகாதே!

"வெண்ணெய் இல்லாமல் கேக் செய்வது எப்படி? முட்டை இல்லாமல் மாவு சேருமா?" இப்படி வீட்டுக்கு வீடு கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்ல 1946-ல் ஒரு புத்தகம் வந்தது. அதை எழுதியவர் ஃபே ஹெண்டர்சன் என்ற பெண்மணி. பெயரிலேயே 'வீகன்' என்ற சொல்லைத் தாங்கி வந்த சமையல் புத்தகம் அது.

அன்று ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். இன்றோ புத்தகக் கடையில் அடுக்கடுக்காக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பளபளக்கும் அட்டை. எதை நம்பிப் பணம் கொடுப்பது?

சாதாரண சமையல் புத்தகம் தவறு செய்தால் ஒரு வேளைக் குழம்பு கெடும். அவ்வளவுதான். ஆனால் "வீட்டில் பாலை நிறுத்துங்கள்" என்று சொல்கிற புத்தகம் தவறு செய்தால், அது குழந்தையின் உடம்பைத் தாக்கும். ஆகவே இதில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

படம் பசி தீர்க்காது

முதலில் படத்தைப் பார்க்காதீர்கள். அளவைப் பாருங்கள்.

"சிறிது மாவு, தேவையான தண்ணீர்" என்று எழுதியிருந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம். தெரிந்தவருக்கு அது தேவை இல்லை. தெரியாதவருக்கு அது பயன்படாது.

தமிழ்நாட்டில் 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' வெளிவந்தது. அதில் பாலும் நெய்யும் உண்டு. அது வீகன் புத்தகம் அல்ல. ஆனால் அடுப்படிக்குப் புதிதாக வந்த பெண்ணும் படித்துச் செய்யும்படி எழுதப்பட்டது. அதனால்தான் தாய் வாங்கிய புத்தகத்தை மகளும், மகள் வாங்கியதைப் பேத்தியும் புரட்டுகிறார்கள். எந்தச் சமையல் புத்தகத்துக்கும் அதுவே உரைகல்.

காரணம் சொல்ல வேண்டும்

முட்டை மாவைச் சேர்த்துப் பிடிக்கும். காற்றை அடைத்துப் பொங்க வைக்கும். ஈரமும் கொடுக்கும். அதை எடுத்துவிட்டால் இந்த வேலைகளை யார் செய்வது? நல்ல புத்தகம் இதைச் சொல்லும்.

மாவு சேர வேண்டுமா? ஒரு மேஜைக் கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேஜைக் கரண்டி தண்ணீரில் ஊற வைத்தால் பசை போல் ஆகும். ஒரு முட்டைக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம்.

நுரைத்துப் பொங்க வேண்டுமா? அதற்கு ஆளி விதை உதவாது. கொண்டைக் கடலை வேக வைத்த தண்ணீர் உதவும்! கீழே ஊற்றும் அந்தத் தண்ணீரை அடித்தால் வெள்ளைக் கரு போல நுரைக்கும். 2014-ல் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் இதை உலகுக்குச் சொன்னார். 2015-ல் இதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயர் வந்தது.

"முட்டைக்குப் பதில் எதையாவது போடுங்கள்" என்று சொல்லும் புத்தகம், எழுதியவர் செய்து பார்க்கவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நம் ஊர்க் கடையில் கிடைக்குமா?

அடுத்தபடி, ஏதாவது பத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். அவற்றில் உள்ள சாமான்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் உங்கள் மளிகைக் கடையில் கிடைக்காது என்றால், அந்தப் புத்தகம் அலமாரிக்கு அழகே தவிர அடுப்புக்கு உதவாது.

முந்திரியை அரைத்துப் பாலாக்கச் சொல்வார்கள். ருசிதான்! ஆனால் தினமும் முந்திரி வாங்கக் குடும்பம் தாங்குமா? தேங்காய்ப் பால், வேர்க்கடலை, எள் என்று கைக்கு எட்டிய வழியும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1971-ல் ஒரு கூட்டத்தார் 'தி ஃபார்ம்' என்ற பண்ணைக் குடியிருப்பை அமைத்தனர். பால் பொருள்களை அவர்கள் தொடவில்லை. சோயா மொச்சையே அவர்களுக்குச் சோறு போட்டது. 1975-ல் அவர்கள் வெளியிட்ட சமையல் புத்தகம், சோயாப் பாலையும், அதைத் திரித்துச் செய்யும் டோஃபுவையும் வீட்டிலேயே தயாரிக்கக் கற்றுக் கொடுத்தது. கடையில் கிடைக்காததைச் செய்து கொள்ளக் கற்றுத் தருவதும் நல்ல புத்தகத்தின் அடையாளம்தான்.

நம் வீட்டு இட்லி, சுண்டல், இடியாப்பம், புளிக்குழம்பு ஆகியவை நெய் விடாமல் செய்தால் வீகன் உணவே. பெயர்தான் நமக்குப் புதிது!

மறைக்கக் கூடாத ஒரு விஷயம்

இதுதான் முக்கியமான சோதனை. புத்தகத்தில் 'வைட்டமின் பி-12' பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா?

இந்தச் சத்தை நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. பால், முட்டை, மீன், இறைச்சி வழியாக அது மனிதனுக்குக் கிடைக்கிறது. காய்கறி, தானியங்களை நம்பி இருக்க முடியாது.

வாட்சன் சங்கம் அமைத்தபோது இது யாருக்கும் தெரியாது! 1948-ல்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விஞ்ஞானிகள் இதைச் சிவப்புப் படிகமாகப் பிரித்து எடுத்தார்கள். 1955-ல், பாலை விட்ட சிலரிடம் இந்தக் குறையைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினர்.

பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அது இல்லாவிட்டால் சோகை வரும். கைகால் மரத்துப் போகும். நரம்பு கெடும்.

ஈரலில் சேமிப்பு இருப்பதால் பெரியவர்களுக்குப் பல ஆண்டுகள் வரை குறை தெரியாமல் இருக்கலாம். கைக்குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ஏது? தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தையின் வளர்ச்சி நிற்கும்.

"மாவு புளித்தால் பி-12 வந்துவிடும்", "கடல் பாசி தின்றால் போதும்" என்று எழுதியிருக்கும் புத்தகத்தை வாங்காதீர்கள். அவற்றை நம்ப முடியாது. இங்கிலாந்தின் வீகன் சங்கமே இதை ஒளிக்கவில்லை. சத்துச் சேர்த்த உணவாக நாள்தோறும் 3 மைக்ரோகிராமாவது வேண்டும். அல்லது மாத்திரையாகத் தினம் 10 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பச்சைப் புள்ளி போதாது

பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். ஆனால் அதில் பால் இருக்கலாம், தேன் இருக்கலாம். 'கேசின்', 'வே பவுடர்' என்ற பெயர்களில் பால் ஒளிந்திருக்கும். வீகன் உணவுக்கு என்று இந்திய சர்க்கார் 2022-ல் தனி விதிகள் கொண்டு வந்தது. அதற்குத் தனி முத்திரையும் உண்டு. இதை எல்லாம் விளக்கும் புத்தகம் பணத்துக்குப் பழுது இல்லை.

மதிப்புரை எழுதுகிறவர் கடமை

"கொள்கை உயர்ந்தது, ஆகவே புத்தகமும் உயர்ந்தது" என்று சிலர் எழுதுகிறார்கள். "பால் இல்லாத சாப்பாடும் ஒரு சாப்பாடா?" என்று சிலர் தள்ளுகிறார்கள். இரண்டும் நியாயம் அல்ல. கொள்கை வேறு, கைப்பக்குவம் வேறு.

மூன்று பதார்த்தங்களாவது செய்து பார்க்க வேண்டும். ஒன்று எளியது, ஒன்று அன்றாடம் செய்வது, ஒன்று கடினமானது. எழுதியபடியே செய்ய வேண்டும். சொந்தக் கைவரிசை கூடாது! சொன்ன நேரத்தில் முடிந்ததா? எவ்வளவு செலவு ஆயிற்று? இவற்றைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

பிறகு, பால் சாப்பிட்டுப் பழகிய வீட்டாருக்கே பரிமாற வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று பிள்ளை தட்டை நீட்டினால், அதைவிடப் பெரிய நற்சாட்சி வேறு இல்லை.

வாட்சன் 2005-ல் தமது 95-வது வயதில் காலமானார். அவர் வழியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் ஏற்கிறவர் கையில் உண்மை பேசும் புத்தகம் இருக்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அளவு சொல்லி, காரணம் சொல்லி, ஆபத்தையும் மறைக்காமல் சொல்லும் ஏடாக இருந்தால், அந்தச் சுரைக்காய் கறிக்கும் உதவும்!