பாசியில் எண்ணெய் இருக்கு... ஆனா பெட்ரோல் பங்க்குக்கு ஏன் இன்னும் வரல?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை ரெண்டு மாசம் கழுவாமல் விட்டால் சுவரெல்லாம் பச்சையாகி வழுக்கும். அந்தப் பாசியின் சொந்தக்காரர்களை வைத்து விமானமே ஓட்டியிருக்கிறார்கள். 2011 நவம்பரில் யுனைடெட் ஏர்லைன்ஸ், பாசி எண்ணெய் கலந்த எரிபொருளில் ஹூஸ்டனில் இருந்து சிகாகோவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. 2021 ஜூனில் ஜப்பானிலும் பாசி எரிபொருள் கலந்து பயணிகள் விமானங்கள் பறந்தன.

அப்புறம் என்ன பிரச்சனை? பாசியில் எண்ணெய் இருக்கிறது. அதை வளர்த்து, அறுவடை செய்து, எரிபொருளாக்கும் செலவுதான் இடிக்கிறது. அதைக் குறைக்க உலகம் முழுக்க என்னென்ன செய்து பார்த்தார்கள், எது தேறியது? பார்க்கலாம்.

பாசிக்குள் எண்ணெய் எப்படி?

எரிபொருளுக்காக வளர்க்கப்படுவது பெரும்பாலும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயில், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் உரம் இருந்தால் போதும், பல வகைகள் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிடும். 1 கிலோ காய்ந்த பாசி உருவாக சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். நெல் விளையும் நிலம் தேவையில்லை. சில வகைகளுக்கு நல்ல தண்ணீர்கூட வேண்டாம், உப்புத் தண்ணீரிலேயே வளரும்.

நைட்ரஜன் சத்து கிடைக்காமல் போகும்போது சில பாசிகள் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பில் இருந்துதான் டீசலும் விமான எரிபொருளும் எடுக்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

அமெரிக்க எரிசக்தித் துறை 1978-லேயே இதில் இறங்கிவிட்டது. 3,000-க்கும் மேற்பட்ட பாசி ரகங்களைச் சேகரித்தார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல்லில் திறந்தவெளிக் குளங்களில் வளர்த்தும் பார்த்தார்கள். சுமார் 2.5 கோடி டாலர் செலவான பிறகு 1996-ல் திட்டம் மூடப்பட்டது. கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஆனால் இன்றுவரை தொல்லை கொடுக்கும் சிக்கல்கள் எல்லாம் அப்போதே தெரிந்துவிட்டன.

முதலாவது, பட்டினி. சத்தைக் குறைத்தால் எண்ணெய் சேரும், ஆனால் வளர்ச்சி படுத்துவிடும். கடைசிக் கணக்கில் லாபம் இல்லை.

ரெண்டாவது, களை. நாம் விட்ட ரகத்தை உள்ளூர்ப் பாசி ஓரங்கட்டிவிடும். பாசியை மேயும் நுண்ணுயிர்கள் புகுந்தால் சில நாளில் குளமே காலி.

மூணாவது, தண்ணீர். திறந்த குளத்தில் ஒரு லிட்டருக்கு அரை கிராம் அளவில்தான் காய்ந்த பாசி கிடைக்கும். 1 கிலோ வேண்டுமென்றால் சுமார் 2,000 லிட்டர் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். பிரித்துக் காயவைக்க ஆகும் எரிசக்தியே லாபத்தைத் தின்றுவிடும்.

2011-ல் பறந்த விமானத்துக்கு எண்ணெய் கொடுத்த சோலாசைம் நிறுவனம் இந்தச் சிக்கல்களைச் சுற்றிக்கொண்டு போனது. வெயிலே படாத மூடிய டேங்கில் பாசிக்குச் சர்க்கரை கொடுத்து வளர்த்தது. ஆனால் சர்க்கரைக்குக் கரும்பு வேண்டும், கரும்புக்கு நிலம் வேண்டும். கடைசியில் அந்த நிறுவனம் உணவுப் பொருள் பக்கம் திரும்பி, பெயரையும் மாற்றிக்கொண்டு, 2017-ல் திவாலானது.

புது வழி 1: பாசியையே மாற்றுவது

2009-ல் எக்ஸான்மொபில், மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு கைகோர்த்தது. 60 கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்று அறிவித்தது. 2017-ல் ஒரு நல்ல செய்தியும் வந்தது. ஒரு பாசியின் மரபணுவைத் திருத்தி, வளர்ச்சி பெரிதாகக் குறையாமலேயே எண்ணெய் அளவை 20 சதவீதத்தில் இருந்து 40 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். அதாவது பட்டினிச் சிக்கலுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

2025-க்குள் தினமும் 10,000 பீப்பாய் தயாரிக்கும் தொழில்நுட்பத் திறனை எட்டுவதுதான் இலக்கு. உலகம் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 10 கோடி பீப்பாய். அந்தச் சின்ன இலக்கை எட்டும் முன்பே எக்ஸான் இதிலிருந்து விலகிவிட்டது. 2023 தொடக்கத்தில் இந்தச் செய்தி வெளியானது.

புது வழி 2: கடலில் மிதக்கும் பைகள்

நாசா விஞ்ஞானி ஜோனதன் ட்ரென்ட் குழுவின் யோசனை இது. பெரிய பிளாஸ்டிக் பைகளில் நகரக் கழிவுநீரையும் நன்னீர்ப் பாசியையும் நிரப்பிக் கடலில் மிதக்கவிட வேண்டும். அலை கலக்கிவிடும், கடல் நீரே சூட்டைத் தணிக்கும், நிலமும் தேவையில்லை. பை கிழிந்தாலும் உப்புத் தண்ணீரில் அந்தப் பாசி பிழைக்காது, அதனால் கடலில் பரவும் பயமும் இல்லை. கலிஃபோர்னியாவில் சோதனை நடந்தது. 2012-ல் நாசாவின் பங்கு முடிந்தது. பெரிய அளவுக்குப் போகவில்லை.

புது வழி 3: காயவைக்காமலேயே சமைப்பது

பூமிக்கடியில் பாசி கச்சா எண்ணெயாக மாறக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் அதை ஒரு மணி நேரத்துக்குள் செய்யும் முறையை 2013-ல் அறிவித்தது. பாசிக் கூழை ஈரத்தோடு அப்படியே சுமார் 350 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் வைப்பார்கள். நம்ம வீட்டு பிரஷர் குக்கரின் ராட்சத வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். காயவைக்கும் செலவு மிச்சம். ஆனால் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் இயந்திரங்களுக்கே பெரிய முதலீடு வேண்டும்.

புது வழி 4: சாக்கடையில் விவசாயம்

ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள ஊர் சிக்லானா. அங்கே ஐரோப்பிய யூனியன் உதவியோடு 2011-ல் தொடங்கிய திட்டத்தின் பெயர் 'ஆல்-கேஸ்'. ஸ்பானிஷ் மொழியில் பாசிக்கு 'அல்காஸ்' என்று பெயர், அதை வைத்துத்தான் இந்தச் சிலேடை.

இவர்கள் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். ஊரின் கழிவுநீரைக் குளத்தில் விட்டுப் பாசி வளர்த்தார்கள். உரம் வாங்க வேண்டாம், கழிவுநீரிலேயே நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கிறது. சாதாரண சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றை ஊதவே ஏகப்பட்ட மின்சாரம் போகும். இங்கே பாக்டீரியாவுக்குத் தேவையான ஆக்சிஜனைப் பாசியே கொடுத்துவிடும்.

எண்ணெய் பிழியும் வேலையும் இல்லை. அறுவடை செய்த பாசியை மூடிய தொட்டியில் போட்டு, சாண எரிவாயு மாதிரி மீத்தேன் எடுத்தார்கள். அதைச் சுத்தம் செய்து கார்களுக்கு நிரப்பி ஓட்டியும் காட்டினார்கள். கழிவுநீரை எப்படியும் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்பதால், மொத்தச் செலவும் எரிபொருள் தலையில் விழவில்லை. ஒரே குறை, நிறைய இடமும் நல்ல வெயிலும் வேண்டும். நெருக்கமான நகரத்துக்கு நடுவில் இது நடக்காது.

நம்ம ஊர் தொடர்பு?

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் கடற்பாசி வளர்ப்பது மீனவப் பெண்களுக்குத் தெரிந்த தொழில். இது நுண்பாசி இல்லை, பெரிய பாசி. எண்ணெய் குறைவு, ஆனால் மாவுச்சத்து போன்ற சர்க்கரைப் பொருட்கள் அதிகம், அதில் இருந்து எத்தனால் எடுக்க முடியும். சென்னை ஐஐடியில் 2010-ல் உருவான சீ6 எனர்ஜி நிறுவனம் இதைத்தான் குறிவைத்தது. அறுவடையும் மறுநடவும் சேர்த்துச் செய்யும் 'கடல் டிராக்டர்' ஒன்றையும் உருவாக்கியது. பெயரில் எனர்ஜி இருந்தாலும், அந்த நிறுவனம் சந்தையில் விற்பது கடற்பாசியில் இருந்து எடுத்த பயிர் ஊக்கியை. எரிபொருளைவிட அதற்கு நல்ல விலை கிடைக்கும்.

அப்போ எப்போதான் வரும்?

பாசியை எரிபொருளுக்காக மட்டுமே வளர்த்தவர்கள் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். வேறொரு வேலையோடு சேர்த்து, முக்கியமாகக் கழிவுநீர் சுத்திகரிப்போடு சேர்த்து வளர்க்கும் வழிக்குத்தான் இப்போதைக்குக் கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது. அப்படி வந்தாலும் முதலில் நிரம்பப்போவது அந்த ஊர் வண்டிகளின் டேங்க்தான், நாட்டில் உள்ள எல்லா பங்க்கும் இல்லை.

அடுத்த முறை 'பாசியில் இருந்து பெட்ரோல்' என்று வீடியோவோ முதலீட்டு விளம்பரமோ வந்தால் மூணு கேள்வி கேளுங்க. பாசிக்குச் சத்து எங்கிருந்து வருது? தண்ணீரை எப்படிப் பிரிக்கிறாங்க? எரிபொருளைத் தவிர வேறு வருமானம் என்ன? மூணுக்கும் பதில் இல்லைன்னா, அது ஆய்வகத்தைத் தாண்டி வர இன்னும் நாளாகும்.