மணி பிளான்ட் மட்டும் போதாது பாஸ்!

சிட்லபாக்கத்துல கொசுவுக்குப் பயந்து சாயங்காலமே ஜன்னலைச் சாத்திட்டு, 'காத்தை மணி பிளான்ட் சுத்தம் பண்ணிடும்'னு நம்புற ஆளா நீங்க? ஒரு நிமிஷம்!

1989-ல் நாசா ஆய்வில், பென்சீன் போன்ற வாயுக்களைச் செடிகள் குறைச்சது நிஜம்தான். ஆனா, அது காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள்ளே! வீட்டுக்குள்ள வந்துபோற காத்து சும்மாவே செய்யற அந்த வேலைக்கு, சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேணும்னு 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுட்டாங்க. அப்புறம் சோபாவை எங்கே போடுறது?

ஜன்னலுக்குக் கொசுவலை அடிங்க. சமைக்கும்போது நல்லா திறந்து வைங்க. செடியும் இருக்கட்டும். அரியர் டென்ஷன்ல ஒரு புதுத் தளிரைப் பார்க்கிற சந்தோஷமே தனி! பாட்டில் தண்ணியை மட்டும் வாராவாரம் மாத்திடுங்க. இல்லேன்னா, டெங்கு கொசுவுக்கு அதுதான் பிரசவ வார்டு!