முத்திரையில் வாழும் முகங்கள்

எம்மவர் வீடுகளில், வந்த நாளில் கொணர்ந்த பயணப்பெட்டியினுள் ஒரு கட்டுப் பழைய கடிதங்கள் இன்றும் இருக்கக்கூடும். கைத்தொலைபேசி வருமுன் ஊரிலிருந்து உறவுகள் எழுதியவை அவை. அவற்றின் மூலையில் ஒட்டியுள்ள முத்திரைகளை எமது பிள்ளைகளுக்கு என்றேனும் காட்டியிருக்கிறோமா?

1840இல் இங்கிலாந்தில் வெளியான உலகின் முதல் முத்திரையில் இருந்தது விக்டோரியா அரசியாரின் முகம். முடிசூடியோர்க்கு உரியதாயிருந்த அவ்விடத்தில் காலப்போக்கில் அறிஞரும் தொண்டரும் அமர்ந்தனர். நாடொன்று யாரை நினைவுகூர விரும்புகிறது என்பதை அதன் முத்திரைகளே சொல்லிவிடும்.

காந்தியடிகள் 1948 சனவரியில் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி இந்தியா அவர் நினைவாக நான்கு முத்திரைகளை வெளியிட்டது. இந்தியிலும் உருதுவிலும் ‘பாபு’ என்ற சொல் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது. உள்நாட்டுக் கைத்தொழிலுக்காக இராட்டை சுற்றிய அப்பெரியாரின் முத்திரைகள் அச்சானது சுவிற்சர்லாந்தில் என்பது வியப்பே.

அகதிகளாகிய நாம் தேடிவைக்க வேண்டிய முகம் ஒன்றுண்டு. பனிப்பிரதேசங்களை ஆராய்ந்த நோர்வே நாட்டவரான நான்சன், நாடிழந்தோர்க்கெனப் பயணப் பத்திரம் ஒன்றை 1922இல் உருவாக்கினார். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றன. அதே ஆண்டில் அவருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் மறைந்தபின், 1935இல் நோர்வே அவர் உருவம் தாங்கிய முத்திரைகளை வெளியிட்டது. வாங்குவோர் விலைக்கு மேலாகச் செலுத்திய சிறுதொகை அகதிகளுக்கான நிதியைச் சேர்ந்தது.

ஜேர்மனியில் பிறந்து, குடும்பத்துடன் ஒல்லாந்துக்குத் தப்பியோடி, வதைமுகாமில் மாண்ட சிறுமி ஆன் பிராங்கின் முகத்தை மேற்கு ஜேர்மனி 1979இல் முத்திரையில் பதித்தது. விரட்டிய மண்ணே பின்னாளில் அவளை நினைவுகூர்ந்தது. 1971இல் இலங்கை வெளியிட்ட ஐந்து சத முத்திரையில் எங்கள் ஆறுமுக நாவலர் இருக்கிறார்.

இங்கு எமது தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியராயிருந்த காலந்தொட்டு முத்திரை சேர்த்தவர் நாம். இங்கு வந்த பின்னரும், அம்மா எழுதிய கடிதங்கள் கிடைத்ததும் மூலையை வெட்டியெடுத்து, உறையைக் குப்பையில் இட்டுவந்தோம். அம்மா மறைந்த பிறகு ஒருநாள் ஏட்டைப் புரட்டினோம். முத்திரைகள் இருந்தன. அவற்றின் மேல் விழுந்த தபாற்கந்தோர் சீலில் ஊரின் பெயர் பாதிதான் இருந்தது. மீதி, அம்மாவின் கையால் எழுதிய எமது பெயரோடு உறையுடன் போய்விட்டது. அந்த உறையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே ஊர்ப் பெயரும் திகதியும் தெளிவாக விழுந்த உறைகளை வெட்டாது முழுதாகவே வைத்திருங்கள். முத்திரையும் உறையோடு சேர்த்துச் செய்த ஆகாயத் தபாற் கடிதங்களுக்கும் இது பொருந்தும். ஏனைய முத்திரைகளைச் சுற்றிச் சிறிது கடதாசி விட்டு வெட்டி, குளிர்ந்த நீரில் மிதக்க விடுங்கள். தாமாகக் கழன்றதும் மையொற்றுத்தாளில் முகங்குப்புற உலர்த்துங்கள். நிறமுள்ள உறைத்துண்டுகளைத் தனியே ஊறவைத்தால் சாயம் மற்றவற்றிற் படியாது. தாமே ஒட்டும் புதுவகை முத்திரைகள் பெரும்பாலும் நீரில் கழலா; அவற்றைக் கடதாசியோடே விடுங்கள். விரலால் தொடாது சாவணத்தால் எடுத்து, செருகும் ஏட்டில் வையுங்கள், பசை வேண்டாம்.

ஒவ்வொரு முகத்தின் கீழும் இரண்டு வரி தமிழில் எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இவர் யார், என்ன செய்தார் என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கடிதத்தை எழுதியது யார் என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே. வரும் ஞாயிறன்று அந்தப் பெட்டியைத் திறவுங்கள்.