மூழ்கிய நெற்பயிர்: நிவாரணம் எவ்வளவு? மீட்டால் எவ்வளவு?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரி டெல்டாவின் சம்பா, தாளடி வயல்கள் மூழ்குவது அடிக்கடி நிகழ்கிறது. மழை விட்டதும், "பயிர் போயிற்று, நிவாரணம் எவ்வளவு கிடைக்கும்?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. நிவாரணத்தை நம்பிப் பயிரைக் கைவிடுமுன் கணக்குப் போட்டுப் பார்த்தல் நலம்.

நிவாரணத்தின் அளவு

பேரிடர் நிவாரண நிதியிலிருந்து தரப்படுவது விளைச்சலின் முழு விலையன்று; மறுபடி சாகுபடி செய்ய உதவும் இடுபொருள் மானியமே. 2015-க்கு முன் பாதிச் சேதம் இருந்தால்தான் இது கிடைத்தது. அவ்வாண்டு முதல் 33 சதவீதச் சேதம் போதும் என்றாயிற்று. 2022-23 முதல் 2025-26 வரைக்கான மத்திய அரசு விதிப்படி ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை மட்டுமே. மாநில அரசு சில சமயம் கூட்டித் தருவதுண்டு. 2023 பிப்ரவரி மழையில் பாதித்த நெல்லுக்குத் தமிழக அரசு 20,000 ரூபாய் அறிவித்தது. தொகை அவ்வப்போது மாறுமாதலால், அந்தந்தச் சேதத்துக்கு வரும் அரசாணையைக் கேட்டறிய வேண்டும்.

ஏக்கர் கணக்கு

ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். சாதாரண ரக நெல்லுக்கு 2025-26-இல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஆக, ஏக்கருக்கு 3 குவிண்டால் மீட்டாலே நிவாரணத் தொகையைத் தாண்டிவிடும். பயிரில் உயிர் இருக்கும்வரை அதைக் காப்பதே லாபம்.

செய்ய வேண்டியவை

முதலில் வடிகாலைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். வயல் கீழ்மடையில் இருந்தால் அண்டை வயல்காரர்களுடன் சேர்ந்து வாய்க்காலை வெட்டிவிடுவது அவசியம். நீர் வடிந்தபின் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ துத்தநாக சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம். இளம்பயிராயின், பயிர் அழுகிய இடங்களில் அடர்ந்த குத்துகளிலிருந்து தூர்களைப் பிரித்து நடலாம்.

முற்றிலும் அழுகிய வயலை, வருவாய்த் துறையினரும் வேளாண்மைத் துறையினரும் பார்வையிடுமுன் உழுதுவிடக் கூடாது. நீர் நிற்கும்போதே புகைப்படம் எடுத்து வைத்தல் நல்லது. மாடோ ஆடோ இறந்தால், புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும். மேற்சொன்ன விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் உண்டு.

குத்தகைதாரர் கவனத்துக்கு

கணக்கெடுப்பில் முதலில் பார்ப்பது அடங்கல். உழுது பயிரிட்டவர் ஒருவர், பதிவில் உள்ளவர் வேறொருவர் என்றால் உதவி உழுதவர் கைக்கு வராமல் போகலாம். எனவே நடவு முடிந்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, பயிரும் பரப்பும் சாகுபடி செய்பவர் பெயரும் சரியாக ஏறியுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்வதும் பாதுகாப்பு. வெள்ளம் வந்தபின் பதிவைத் தேடி அலைவதைவிட, வானம் தெளிந்திருக்கும்போதே ஒருநாள் செலவிடுவது மேல்.