வழிநடைச் சமையலும் வார்ப்பிரும்புச் சட்டியும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழா. அந்நாள்களை முன்னிட்டுக் கால்நடையாகப் புறப்படும் குடும்பங்கள் பல, இரவில் தங்குமிடத்திலேயே மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டுகின்றன. சோறும் குழம்பும் அலுமினியப் பாத்திரத்தில் வெந்துவிடும். தோசை வார்க்கவும் வறுக்கவும் இரும்பே ஏற்றது என்பதைத் தாய்மார் அறிவர். எனினும், கனத்திற்கு அஞ்சி அதை வீட்டில் விட்டுச் செல்வோர் உளர். கொண்டு சென்று, துருவேறிய நிலையில் திரும்பக் கொணர்வோரும் உளர்.

திறந்தவெளியில் விறகுத் தழல் காற்றுக்கேற்ப எழும்; உடனே தணியும். தடித்த வார்ப்பிரும்போ மெல்லச் சூடேறி, ஏறிய வெப்பத்தை நெடுநேரம் காத்து நிற்கும். ஆகவே தழல் தணிந்தாலும் தோசை வேகும். 1707-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது முதல் இத்தகைய பாத்திரங்கள் அந்நாட்டின் எளியவர் அடுப்பையும் எட்டலாயின.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்துள்ளது. அதனால் அது உறுதியானதாயினும் நொறுங்கும் இயல்புடையது. கல்தரையில் விழுந்தால் உடையும்; கொதிக்கும் சட்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் காணும். வண்டியில் ஏற்றும்போது சாக்கில் சுற்றி அடியில் வைப்பதே நலம்.

புதுக்கல்லைப் பயணத்தில் பழக்க முயலலாகாது. வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். வடித்த கஞ்சியில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரமறக் காயவைத்து, எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிச் சூடேற்ற வேண்டும். இவ்வாறு பலமுறை செய்தால் எண்ணெய் இறுகிக் கருநிறப் படலமாகும். பண்டம் ஒட்டாமல் காப்பதும் துருவைத் தடுப்பதும் இப்படலமே. எண்ணெய் மிகுந்தால் பிசுபிசுப்பே மிஞ்சும்.

புளியும் தக்காளியும் இப்படலத்தை அரிக்கும். இரும்பில் சமைக்கும்போது உணவில் ஓரளவு இரும்புச்சத்து சேர்கிறது. புளிப்புப் பண்டத்தில் அது மிகுதி. இரத்தசோகையுள்ள வீட்டில் இது நன்மையே. ஆயினும் மருத்துவர் தரும் மருந்துக்கு ஈடாகாது. புளிப்புக் குழம்பை இரும்பில் சமைத்தாலும், வெந்தவுடன் வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிடுக.

உண்டபின் சட்டி இளஞ்சூடாக இருக்கையிலேயே வெந்நீர் சிறிது ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். ஒட்டியது அகலாவிடில் கல்லுப்பு உதவும். சோப்பே ஆகாது என்று முன்னோர் கூறியது அக்காலத்துக் காரச் சோப்பைக் கருதி. இன்றைய மென்மையான திரவம் சிறிதளவு பட்டால் கேடில்லை. ஆனால் நீரில் ஊறப்போடுதல் பெருந்தவறு. கழுவியதும் துடைத்து, தணலின்மேல் ஈரம் போகக் காட்டி, சொட்டு எண்ணெயைத் துணியால் பூசிவிடுக. இரவு முழுதும் பனியிலும் ஈரத் தரையிலும் கிடந்தால் காலையில் செந்துரு படர்ந்திருக்கும். துருவேறினும் எறிந்துவிட வேண்டா. தேய்த்து நீக்கி, மீண்டும் பழக்கினால் பழைய நிலைக்கு வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். சூடேறிய இரும்பும் ஆறிய இரும்பும் பார்வைக்கு ஒன்றே. அடுப்படியில் சிறுவர் ஓடியாடும்போது பெரியவர் ஒருவர் அருகிருத்தல் அவசியம். புறப்படுமுன் தணலில் நீர் ஊற்றிக் கிளறி, சாம்பல் முற்றும் குளிரும்வரை காத்திருத்தலும் நம் கடமை. தணலிருந்த இடத்தை மிதிப்பவர் வெறுங்காலுடன் நமக்குப் பின்னே நடந்து வருபவராகவும் இருக்கலாம்.

இறுதியாக, இப்பணிகள் யாருடையவை? பகலெல்லாம் நம்முடன் நடந்த தாயே சமைத்து, பரிமாறி, எல்லோரும் படுத்தபின் கரிச்சட்டியைத் தேய்க்க அமர்வதைப் பல முகாம்களில் காண்கிறோம். அவர் கால்களும் நம் கால்களைப் போலவே நோகின்றன. நாரும் உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் கொண்டு சட்டியைத் துலக்கக் கால்மணி நேரம் போதும். அதைத் தந்தையரும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்றுக்கொண்டால், தாயும் மற்றவரோடு சேர்ந்து இளைப்பாறுவார்.