புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை

(தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூலை 26ஆம் நாள், நம் ஆண்டவரின் தாத்தா பாட்டியான புனிதர்கள் சுவக்கின், அன்னா ஆகியோரின் நினைவு நாள். அந்த நாளையொட்டி வரும் ஜூலை நான்காம் ஞாயிறை, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். பங்குகளில் அன்று பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்ல வழக்கம். ஆனால் கோயில் வரைக்கும் நடந்து வர முடியாமல் வீட்டுக் கட்டிலிலேயே கிடப்பவர்களுக்கு அந்தப் பொன்னாடை போய்ச் சேர்வதில்லை. இன்று அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

விவிலியத்தில் முதியவர் ஒருவர் கீழே விழுந்த செய்தி உண்டு. சாமுவேல் முதல் நூல் நான்காம் அதிகாரத்தில் குரு ஏலியைப் பார்க்கிறோம். அவருக்கு 98 வயது. கண்பார்வை போய்விட்டது. உடலும் பருத்திருந்தது. வாயிலருகே இருக்கையில் அமர்ந்திருந்தவர், கடவுளின் பேழை எதிரிகள் கையில் சிக்கியது என்ற செய்தியைக் கேட்டதும் பின்பக்கமாக விழுந்தார். கழுத்து முறிந்து இறந்தார். வயது, பார்வைக் குறைவு, உடல் பருமன், திடீர் அதிர்ச்சி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இருக்கை. முதியோர் ஏன் விழுகிறார்கள் என்று இன்று ஒரு மருத்துவரைக் கேட்டால், ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் சொல்லுவார்.

நாமோ, "வயசாயிருச்சு சாமி, என்ன செய்யிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வயதாவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் வயதின் தலையில் நாம் சுமத்துகிற பல துன்பங்கள் வயதால் மட்டும் வருபவை அல்ல. அவற்றில் இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். ஒன்று, விழுவது. மற்றொன்று, விழுந்தபின் வரும் படுக்கைப் புண்.

விழுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். எல்லாரும் விழுந்த இடத்திலேயே இறப்பதில்லை. இடுப்பெலும்பு முறிகிறது, படுக்கையில் விழுகிறார்கள், சளி கட்டுகிறது, புண் வருகிறது. வீட்டார், "விழுந்ததில் இருந்து எழுந்திருக்கவே இல்லை" என்று சொல்லும் கதை இதுதான்.

நம் போடிப் பகுதியில் இதற்குத் தனி முகம் உண்டு. இங்கே 70 வயதைத் தாண்டிய பல தாய்மார்கள், இளவயதில் விடியுமுன் ஜீப் ஏறி, முந்தல் வழியாகப் போடிமெட்டுக்குப் போய், ஏலத்தோட்டங்களில் காய் பறித்தவர்கள். சரிவில் ஏறி இறங்கிய கால்கள் அவை. வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகு, "இனிமேலாவது உட்காரும்மா" என்று பிள்ளைகள் அன்போடு சொல்கிறார்கள். அம்மாவும் உட்காருகிறார். உபயோகிக்காத தொடைத் தசை கரைந்துபோகிறது. மலையேறிய கால், நிலைப்படி தாண்டத் தடுமாறுகிறது.

இதைத் தடுக்க முடியுமா? முடியும் என்று நியூசிலாந்து நாட்டின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கால் தசைக்கு வலு தரும் சில எளிய பயிற்சிகள், தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சிகள், கொஞ்ச தூர நடை. இவற்றை முதியோரின் வீட்டுக்கே போய்க் கற்றுக்கொடுத்தார்கள். ஓர் ஆய்வில் கற்றுக்கொடுத்தவர் ஒரு செவிலியர். 65 முதல் 97 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 90 வயதிலும் தசைக்கு வலு ஏறும் என்பது நமக்கு நல்ல செய்தி அல்லவா?

ஆகவே பெரியவர்களை ஒரேயடியாக உட்கார வைக்காதீர்கள். கனமான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ள, கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடிந்த அளவு, நாள்தோறும். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். ஈரத் தரையைத் துடைத்து வையுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். தலைசுற்றல் தொடர்ந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி, ஏற்கனவே படுக்கையில் இருப்பவர்களைப் பார்ப்போம்.

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டில் ஜீன் ஜுகான் என்ற ஏழைப் பெண், பார்வையற்று, உடல் பாதி செயலிழந்து ஆதரவின்றி இருந்த மூதாட்டி ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 2009ஆம் ஆண்டில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். கட்டிலைக் கொடுப்பது அன்பின் முதல் படி. அந்தக் கட்டிலில் கிடப்பவரை எப்படிக் கவனிப்பது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதைக் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர். மருத்துவமனையின் முதியோர் பிரிவில் அவரும் உடன் பணியாளர்களும் செய்த ஆய்வு 1962இல் நூலாக வெளிவந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க அந்தக் காலத்தில் தோலின்மேல் எதையெதையோ தடவினார்கள். அப்படித் தடவியவற்றால் சொல்லும்படியான பலன் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். பலன் தந்தது, நேரம் தவறாமல் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்ததுதான். விலையில்லாத மருந்து!

காரணம் எளிது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்குகிறது. அந்த இடத்துக்கு இரத்தம் போவதில்லை. மணிக்கணக்கில் இரத்தம் போகாத தசை செத்துப்போகிறது. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், தோள்பட்டை, பின்தலை ஆகியவை புண் வரும் இடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள் என்று செவிலியர்கள் சொல்வது இதனால்தான். தோல் சிவந்தால் கவனியுங்கள் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். நம் கருத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, நிறம் மாறியோ இருந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அந்தப் பக்கம் படுக்க வைக்கவும் கூடாது. சிறுநீர் பட்ட துணியை உடனே மாற்ற வேண்டும். முட்டை, பருப்பு, மீன் என்று சத்துள்ள உணவை, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். முதியோருக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அவர்கள் கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுக்க வேண்டும். தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று உளற ஆரம்பித்தால், வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே கிருமித் தொற்று இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 12 முறை, வாரத்துக்கு 84 முறை. நம் ஊரில் இதை யார் செய்வது? மருமகள் விடியுமுன் மலைக்கு ஜீப் ஏறுகிறார். பொழுது சாயும் நேரம் இறங்குகிறார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. பேரப்பிள்ளைகள் பள்ளியில். மாமியார் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடக்கிறார். மாலையில் வந்து புண்ணைப் பார்த்து அழுகிற மருமகளை, "கவனிக்கத் தெரியாதவள்" என்று தெரு பேசுகிறது. சகோதர சகோதரிகளே, அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. பகலில் ஆள் இல்லை. அதுதான் புண்ணுக்குக் காரணம்.

ஒரு வீட்டைத் தனியே சுமக்க விட்டால் அது எங்கே போய் முடியும் என்பதையும் நாம் மறைக்க வேண்டாம். தலைக்கூத்தல் என்ற சொல் நம் தென் மாவட்டத்தாருக்குப் புதிதல்ல. 2010ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து அந்தச் செய்தி நாளிதழ்களில் வெளியானபோது நாடே அதிர்ந்தது. அது கொலை, ஐந்தாம் கட்டளைக்கு எதிரான பாவம். இதில் தயக்கமே வேண்டாம். ஆனால் அந்த வீட்டின் கதவை அதற்கு முந்திய ஆறு மாதத்தில் எத்தனை பேர் தட்டினார்கள் என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு வழியை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கண்டிருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் மட்டும் எல்லா வீடுகளுக்கும் போக முடியாது என்பது விரைவில் தெரிந்தது. எனவே அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய ஆட்களை. ஆசிரியர்கள், மாணவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள் என்று பலரும் வந்தார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இன்று அங்கே ஊராட்சிகள் வழியாகச் செவிலியர் வீடு தேடிப் போகிறார்.

நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டு 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் இதில் உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். படுத்திருப்பவரால் போய்க் கேட்க முடியாது. அவருக்காக நாம்தான் போக வேண்டும். முதியோர் உதவிக்கென்று 14567 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

ஆனால் செவிலியர் நாள் முழுவதும் நம் வீட்டில் இருக்க முடியாது. பகலில் பக்கம் மாற்றிவிட யாராவது வேண்டும். இங்கேதான் நம் அன்பியங்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் படுக்கையில் இருப்பவர்களின் பெயரை எழுதட்டும். கிறிஸ்தவரா, இந்துவா, முஸ்லிமா என்று பார்க்காமல் எழுதட்டும். வீட்டாரின் சம்மதத்தோடு, பகலில் ஊரிலிருக்கும் நான்கைந்து பேர் முறை வைத்துக்கொள்ளட்டும். காலை எட்டு மணிக்கு ஒருவர், பத்து மணிக்கு ஒருவர், பன்னிரண்டுக்கு ஒருவர், இரண்டுக்கு ஒருவர், நான்குக்கு ஒருவர். போவதற்குப் பத்து நிமிடம் போதும். பக்கம் மாற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். எப்படிப் புரட்டுவது என்பதை முதலில் ஒரு செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆண்களைப் புரட்ட ஆண்களும் வேண்டும். இது பெண்கள் வேலை என்று வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மார் ஒதுங்க வேண்டாம். மரியாயின் சேனையினர் வீடு சந்திக்கும்போது, செபமாலை முடிந்ததும் குதிகாலையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அதுவும் செபம்தான்.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இயேசு ஒரு வழக்கத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அது 'கொர்பான்', கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் அது. நமக்கும் அந்தச் சோதனை உண்டு. திருவிழாவுக்கு நன்கொடை எழுதும் கை, அம்மாவின் படுக்கைத் துணியை மாற்றத் தயங்கலாம். கடவுளுக்குக் கொடுத்தாயிற்று என்ற நிம்மதியோடு நாம் கட்டிலைக் கடந்து போய்விடலாம். ஆண்டவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை.

சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது, இயேசு அருகில் சென்று, கையைப் பிடித்துத் தூக்கினார் என்று அதே மாற்கு எழுதுகிறார். நம் தெருவிலும் யாரோ ஒருவர், பக்கம் மாற்றிவிட ஒரு கை வருமா என்று இப்போது கதவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்த வாரம் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

படுக்கையில் இருந்தபடி இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, நீங்கள் யாருக்கும் பாரமல்ல. உங்களையும், உங்களைக் கவனித்துக் களைத்திருக்கும் கைகளையும் எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.